சோபனாவின் மெஷினில் மட்டும்

சோபனாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை என் ஜென்மத்தில் நான் பார்த்ததில்லை. பென்னாகரத்தில் ஒரு உரக்கடை மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். அதில் எனக்கு எதிர் சீட் அவளுடையது. காலையில் வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் மாமியாருக்குப் போன் போட்டு, கேஸை மூடினேனா என்று போய்ப் பார்க்கச் சொல்வாள். ஈரக் கையோடு சார்ஜரைத் தொட்டுவிடக் கூடாது என்று துப்பட்டாவில் கையை அழுத்தித் துடைப்பாள். அது ஈரமாக இருந்தே இருக்காது. பென் டிரைவ் என்றால் அவளுக்குப் பாம்பு மாதிரி. காலேஜில் யாரோ கொடுத்ததை வாங்கிச் செருகி, கடைசி வருஷ ப்ராஜெக்ட் மொத்தமும் வைரஸில் போய்விட்டதாம். அதற்குப் பிறகு அடுத்தவர் டிரைவ் எதுவும் அவள் லேப்டாப் பக்கம் போனதில்லை. இதையெல்லாம் வைத்து அவளை நாங்கள் ஓட்டாத நாள் கிடையாது.

மொரப்பூர் பக்கம் பிறந்தவள். தர்மபுரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, கல்யாணமாகி மல்லங்கொட்டாய்க்கு வந்தாள். அவள் பிறந்த ஊரில் பயப்படுவதற்கு ரயில்வே கேட் ஒன்றுதான் இருந்தது. வந்து சேர்ந்த ஊரில் யானை இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ராகிக் கொல்லை, கொல்லைக்குப் பின்னால் ஓடை, ஓடையைத் தாண்டினால் காடு. கல்யாணமான முதல் வருஷமே, பக்கத்துக் கொல்லையில் காவலுக்குப் படுத்திருந்த ஒருவரை யானை மிதித்துவிட்டது. அந்த வீட்டுச் சாவுப் பந்தலில் சோபனா புதுப்பெண்ணாக நின்றிருக்கிறாள். அதைப் பற்றி அவளாக எங்களிடம் பேசியதே இல்லை. அவள் புருஷன் நஞ்சப்பன்தான் ஒருமுறை ஆபீசுக்கு வந்தபோது சொன்னான். ‘அன்னையில இருந்து இவளுக்குத் தூக்கமே கெடையாதுங்க அக்கா’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். நல்ல பையன். எதற்கும் சிரிப்பான். ராகி கதிர் பிடித்துவிட்டால் பொழுது சாய்வதற்கு முன்பே கொல்லையில் உள்ள காவல் பரணில் ஏறிவிடுவான். விடிந்துதான் இறங்குவான்.

எங்கள் கம்பெனி செய்வது யானைக்கான வேலைதான். காட்டோர விவசாயிகள் ஒன்றுசேர்ந்து காவலுக்கு ஆள் போட்டிருக்கிறார்கள். காவல் ஆள் யானையைப் பார்த்ததும் தன் போனில் ஒரு பட்டனை அழுத்துவார். அவர் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் யார் யார் கொல்லை இருக்கிறது என்று எங்கள் ப்ரோகிராம் கணக்குப் போடும். அந்தப் போன்களுக்கெல்லாம், ‘யானை வருது, கொல்லையை விட்டு வாங்க’ என்று ஒரு குரல் போகும். அவ்வளவுதான். ஆனால் இது வந்த பிறகு ஊரே மாறிவிட்டது. முன்பெல்லாம் மாற்றி மாற்றி விழித்திருந்த ஆட்கள் இப்போது பரணிலேயே தூங்கினார்கள். போன் வராவிட்டால் யானை இல்லை என்று எல்லாருக்கும் ஆகிவிட்டது. நஞ்சப்பனுக்கும்தான்.

சோபனாவுக்கு அதுவும் பயம். “நம்ம தப்புப் பண்ணா என்னாக்கா ஆவும்?” என்று என்னிடம் கேட்பாள். “உன் வாயில நல்லதே வராதா?” என்று நான் எரிந்து விழுவேன்.

நாங்கள் தப்புச் செய்யாமல் இருக்கத்தான் டெஸ்ட் எழுதுகிறோம். ப்ரோகிராமில் ஒவ்வொரு துண்டும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சின்னச் சின்னப் பரீட்சைகள் அவை. பாஸானால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. தூரத்தைக் கணக்குப் போட நாங்களே எதுவும் எழுதவில்லை. யாரோ எழுதி நெட்டில் இலவசமாகப் போட்டிருக்கும் ஒரு பேக்கேஜை எடுத்துப் பயன்படுத்தினோம். அந்தப் பேக்கேஜுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. எங்கள் டீம் லீட் மாதவராஜ் ஓசூரில் இருக்கிறார். பழசை விட்டுவிட்டுப் புதுசுக்கு மாறிவிடலாம், வெள்ளிக்கிழமை சாயந்தரம் வெளியே விட்டுவிடலாம் என்று அவர் முடிவு செய்தார்.

இந்த இடத்தில் எங்கள் மூட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். ரோடு அகலப்படுத்துகிறேன் என்று தோண்டியதில் எங்கள் தெரு கேபிள் அறுந்து வாரக்கணக்கில் கிடந்தது. இந்த மாதிரி பேக்கேஜுகள் ஒன்றிரண்டு இல்லை, ஒரு ப்ராஜெக்டுக்கு ஆயிரக்கணக்கில் வரும். அதையெல்லாம் போன் டேட்டாவில் இறக்கினால் பொழுது போதாது. அதனால் எங்களோடு வேலை செய்யும் முருகேஷ் தர்மபுரியில் தன் மச்சான் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் இறக்கிக்கொண்டு வருவான். அதற்கு நாங்கள் வைத்த பேர்தான் மூட்டை. மூட்டை வந்ததும் ஆளாளுக்குக் காப்பி செய்து, எல்லா ப்ராஜெக்டுக்கும் பொதுவாக மேல் ஃபோல்டரில் போட்டுக்கொள்வோம். ப்ரோகிராம் ஒரு பேக்கேஜைக் கேட்டால் கம்ப்யூட்டர் முதலில் அந்த ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே தேடும், அங்கே இல்லாவிட்டால் மேல் ஃபோல்டரில் போய்த் தேடும். மூட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளும். வேலை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சோபனா மட்டும் மூட்டையைத் தொடவில்லை. அடுத்தவர் டிஸ்க் ஆயிற்றே. வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் சிக்னல் நன்றாக வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, தன் போன் டேட்டாவிலேயே எல்லாவற்றையும் புதிதாக இறக்கிக்கொண்டு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றவளைப் பார்த்து முருகேஷ், “ஏக்கா, என் மூட்டையில என்னா கொரோனாவா இருக்குது?” என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் டெஸ்டை ஓட்டிப் பார்த்தோம். என்னுடையது பச்சை. முருகேஷுடையது பச்சை. சோபனாவின் மெஷினில் மட்டும் சிவப்பு.

அது சாதாரணச் சிவப்பு இல்லை. டெஸ்ட் ஃபெயில் ஆகவில்லை, ஓடவே இல்லை. மாட்யூலுக்கு வெளியே இம்போர்ட் வாக்கியத்தைப் பயன்படுத்த முடியாது என்று ஒரு வரி. அதற்குக் கீழே புரியாத வரிகள் ஸ்கிரீன் முழுக்க. ஒரு ஃபைல் இன்னொரு ஃபைலில் இருப்பதைத் தனக்குள் கொண்டுவந்து சேர்த்துக்கொள்வதுதான் இம்போர்ட். அந்த வாசலிலேயே வண்டி நின்றுவிட்டது. மற்ற டெஸ்ட் ஃபைல்கள் எல்லாம் ஓடின. தூரம் கணக்குப் போடும் ஃபைல் ஒன்றுதான் ஓடவில்லை.

சோபனா என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, தூரம்தாங்கக்கா ஓடல.”

“எங்களுக்கெல்லாம் ஓடுதே. உன் மெஷின்ல என்னத்தையாவது மாத்தி வெச்சிருப்ப. பாரு” என்றேன்.

அவள் பார்த்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டே பார்த்தாள். மாதவராஜுக்குப் போன் போட்டுச் சொல்வதற்குள் அவள் மூன்று தடவை தண்ணீர் குடித்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் எனக்கும் கேட்டது.

“மத்தவங்க மெஷின்ல ஓடுதில்லம்மா? அப்ப ப்ரோகிராம் சரியாத்தான் இருக்கு. உன் மெஷின்தான் ப்ராப்ளம். அந்த ஒரு ஃபைலை ஸ்கிப் பண்ணிட்டு விடு. திங்கக்கிழமை பொறுமையாப் பார்த்துக்கலாம்.”

“சார், அந்த ஃபைலுதாங்க சார் தூரம் பாக்கறது.”

“தெரியும்மா. மத்தவங்களுக்குப் பாஸ் ஆகுதே. எதுக்கும்மா சும்மா டென்ஷன் ஆகற?”

“சரிங்க சார்” என்று போனை வைத்தாள்.

ஸ்கிப் என்று ஒரு வார்த்தை போட்டால் அந்த டெஸ்டைத் தாண்டிப் போய்விடும். சிவப்பு காணாமல் போய்விடும். அவள் அதைப் போட்டாள். போட்டுவிட்டு ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அழித்தாள். அவளுக்கு மாதவராஜ் என்றாலும் நடுக்கம்தான். சரி என்று சொல்லிவிட்டு அப்படிச் செய்யாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு மாதவராஜைவிட அந்தச் சிவப்பு வரி அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. இதில் தைரியம் என்று எதுவும் இல்லை. பயத்தில்தான் செய்தாள்.

நெட்டில் தேடினாள். போன் ஸ்கிரீனில் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். விஷயம் இதுதான். டெஸ்டை ஓட்டும் கருவிக்கு இம்போர்ட்டைப் பழைய முறையில் எழுதினால்தான் புரியும். புது முறையில் எழுதியிருந்தால் அதைப் பழைய முறைக்கு மாற்றிக் கொடுக்க ஒரு மொழிபெயர்ப்பான் கூடவே வேலை செய்யும். ஆனால் வெளியிலிருந்து இறக்கிய பேக்கேஜுகளை அது தொடாது, எல்லாம் பழைய முறையில்தான் இருக்கும் என்று தாண்டிப் போய்விடும். எங்கள் தூரப் பேக்கேஜின் புதுப் பதிப்போ முழுக்கப் புது முறையில் எழுதியிருந்தது. ‘இந்த ஒரு பேக்கேஜை மட்டும் தாண்டாதே, மாற்றிக் கொடு’ என்று செட்டிங்கில் ஒரு வரி சேர்க்கவேண்டும். சேர்த்தாள். ஓட்டினாள். அதே சிவப்பு, அதே வரி.

“போச்சு” என்று சத்தமில்லாமல் சொன்னாள். அழுதுவிடுவாள் போல இருந்தது.

ஜன்னல் வழியாக வெயில் இறங்குவது தெரிந்தது. கார்த்திகை மாசம், சீக்கிரமே இருட்டிவிடும். எனக்கு பஸ் கவலை வந்துவிட்டது. “விட்டுத் தொலையேண்டி, அவரே சொல்லிட்டாரில்ல” என்றேன். அவள் காதில் விழவில்லை. நஞ்சப்பன் இந்நேரம் கொல்லைக்குக் கிளம்பியிருப்பான் என்று அவளாகவே முணுமுணுத்தாள். தப்பாக அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பையை எடுத்தவள் திரும்பவும் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் எங்கோ ஒரு மூலையில் யாரோ எழுதிய ஒரு பதில் கிடைத்தது. மொழிபெயர்ப்பானுக்கான செட்டிங் ஃபைலில் இரண்டு வகை உண்டாம். ஒன்று நாம் எழுதிய ப்ரோகிராமுக்கு மட்டும் செல்லும். இன்னொன்று இறக்கி வைத்த பேக்கேஜ் உள்பட ப்ராஜெக்ட் முழுவதற்கும் செல்லும். எங்களிடம் இருந்தது முதல் வகை. அவள் அதை எடுத்துவிட்டு இரண்டாவது வகையில் எழுதினாள். டெஸ்ட் கருவி சேர்த்து வைத்திருக்கும் பழைய ஞாபகங்களை அழித்துவிட்டு ஓட்டச் சொல்லியிருந்தார்கள். அழித்துவிட்டு ஓட்டினாள்.

ஓடியது. இம்போர்ட் தகராறு போய்விட்டது. ஆனால் மறுபடி சிவப்பு.

இது வேறு சிவப்பு. எதிர்பார்த்தது ஒன்று புள்ளி நான்கு. வந்தது ஆயிரத்து நானூறு.

சோபனா அதைச் சத்தமாகப் படித்தாள். எனக்கு உடனே விளங்கவில்லை. முருகேஷ்தான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான். பழைய பதிப்பு தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லும். புதுசு மீட்டரில் சொல்கிறது. எங்கள் ப்ரோகிராமோ இரண்டுக்குக் கீழே இருந்தால்தான் போன் போடும். யானை ஒன்றரைக் கிலோமீட்டரில் நின்றால் ஆயிரத்து ஐந்நூறு என்று வரும். இரண்டைவிடப் பெரிசு, போன் போகாது. இரண்டு மீட்டரில் யானை நின்றால்தான் போன் போகும்.

“அப்ப நம்ம மெஷின்ல எப்படிடா பச்சை வந்துச்சு?” என்றேன்.

முருகேஷ் தன் மெஷினுக்குப் போனான். மேல் ஃபோல்டரைத் திறந்தான். அவன் மூட்டை போன மாசத்து மூட்டை. அதில் இருந்தது பழைய பதிப்பு. நாங்கள் புதுசு என்று நினைத்துக்கொண்டு பழசைத்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். ஊருக்குப் போன் அனுப்பும் சர்வரில் மூட்டை கிடையாது. அது நேராக நெட்டிலிருந்து புதுசை இறக்கிக்கொள்ளும்.

சோபனா மாதவராஜுக்குப் போன் போட்டாள். “சார், வெளிய விட்றாதீங்க சார்” என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“எதைம்மா? ரிலீசா? அது மத்தியானமே போயிடுச்சே. எல்லாருக்கும் பச்சைன்னு சொன்னீங்க, நீயும் சரின்னு சொன்ன, சாப்பிட்டு வந்ததும் தள்ளி விட்டுட்டேன்.”

கீழே உரக்கடையில் மூட்டையை இறக்கிப் போடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சோபனா மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். மீட்டர், கிலோமீட்டர், இரண்டு. மாதவராஜ் “ஐயோ” என்றார். உடனே, “மத்தியானத்துல இருந்து எவனாவது பட்டன் அழுத்தியிருக்கானா பாருங்க, நான் பழசுக்கு மாத்தறேன்” என்றார். அவர் குரலும் மாறிவிட்டது.

நான்தான் பார்த்தேன். ஒரே ஒரு தடவை அழுத்தியிருக்கிறார்கள். சற்று முன்புதான். இடம், மல்லங்கொட்டாய் ஓடை. பக்கத்தில் இன்னொரு கட்டம், எத்தனை எண்களுக்குப் போன் போனது என்று காட்டுவது. அதில் பூஜ்யம்.

அதை வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. ஆனால் சோபனா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். அவளே படித்துவிட்டாள்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. போனை எடுத்தாள். நானும் முருகேஷும் அந்த ஓடையைச் சுற்றியுள்ள எண்களைப் பங்கு போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தோம். ‘யானை வந்திருக்குதுங்க, கொல்லையில இருந்தா வூட்டுக்கு வாங்க’ என்று நான் சொன்னதும் ஒரு பெரியவர், ‘நீ யாரு கண்ணு, எப்பவும் மெஷினுதான பேசும்’ என்று விசாரணை நடத்தினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. “மெஷின் செத்துப்போச்சுங்க, எழுந்து ஓடுங்க” என்று கத்தினேன்.

நஞ்சப்பன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. சோபனா மறுபடி போட்டாள். மறுபடி. நான்காவதோ ஐந்தாவதோ தடவை எடுத்தான். அவள் பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள், அதனால் எங்களுக்கும் கேட்டது.

“என்னா சோபா, இன்னிக்கு என்ன கெட்ட கனவு?”

“ஏங்க, எங்க இருக்கறீங்க?”

“பரண்லதான். இப்பத்தான் ஏறனன். ஏன் மூச்சு வாங்குது உனக்கு?”

“எறங்குங்க. ஓடையில யானை. எறங்கி ரோட்டுக்கு வாங்க.”

“போன் வரலையேடி. யானை இருந்தா போன் வந்திருக்குமே.”

“அது வராதுங்க. நாங்க கெடுத்து வெச்சிருக்கறோம். மத்தியானத்துல இருந்து யாருக்கும் வராது. சத்தியமாச் சொல்றன், எறங்குங்க.”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அன்றைக்கு நான் வெறுத்தேன். “நீ தெனமும்தான் எறங்கச் சொல்ற. நேத்துக்கூட இடி இடிக்குதுன்னு எறங்கச் சொன்ன. வானத்துல ஒரு மேகம் இல்ல.”

“அது வேறங்க. இது நான் கண்ணால பாத்தது. ஏங்க, ஒருதடவை, இந்த ஒருதடவை எம்பேச்சைக் கேளுங்க.” அவள் குரல் உடைந்துவிட்டது.

“சரி சரி, அழுவாத. போர்வையச் சுருட்டிக்கினு…” என்றவன் நிறுத்தினான். “இரு, வேற போன் வருது.”

அவன் கட் செய்துவிட்டான்.

மாதவராஜ் பழைய பதிப்பைப் போட்டு, ஓடையில் பட்டன் அழுத்திய அந்த எச்சரிக்கையை மறுபடி அனுப்பியிருந்தார். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் மாறி எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. முருகேஷ், “போயிருச்சுக்கா, எல்லாருக்கும் போயிருச்சு” என்று கத்தினான். சோபனா ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. கையில் இருந்த போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. அந்த ஓடைப் பக்கம் சிக்னல் எப்போதுமே அப்படித்தான், மேட்டில் இருந்தால் வரும், பள்ளத்தில் இறங்கினால் போய்விடும். “எறங்கிட்டான்னு அர்த்தம்டி, அதனாலதான் கிடைக்கல” என்றேன். எனக்கே அது நிச்சயமில்லை. அவள் தலையை ஆட்டினாள்.

வெளியே இருட்டிவிட்டது. யாரும் லைட்டைப் போடவில்லை. என் பஸ் போய்விட்டது, முருகேஷ் தன் அம்மாவின் போனை எடுக்கவில்லை. சோபனா சுவரோரம் தரையில் உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மறுபடி மறுபடி அதே எண்ணைப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் குரல் அதே வரியைச் சொன்னது. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

போன் அடித்தது.

“சோபா.” மூச்சிரைக்கும் குரல். பின்னால் ஆட்கள் சத்தம், எங்கோ பட்டாசு வெடிக்கும் சத்தம். “ரோட்டுக்கு வந்துட்டன். மூணு யானைடி, ஒரு குட்டி வேற. ராகி பாதிக்கு மேல போச்சு. பரணைத் தள்ளி மிதிச்சுப் போட்டுருச்சு. இங்க நின்னு கண்ணால பாத்தன்.”

சோபனா எழுந்து நின்றாள்.

“நீங்க பரண்ல இல்ல இல்ல?”

“இல்லடி. ரோட்டுலதான் நிக்கறன். உன்னோடதான பேசிக்கினு இருக்கறன்.”

“நெசமா இல்ல இல்ல?”

எதற்கும் சிரிக்கிறவன் அதற்குச் சிரிக்கவில்லை.

“இல்லம்மா” என்றான். “இல்ல. இல்ல.”